சுண்ணாம்புச் சுரங்கத்தை மூடும்போது எதைத் திறந்து வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக எந்த ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தாலும், வேலைவாய்ப்பு, நிலத்துக்குத் தரும் விலை, வெடி வைப்பதால் வீட்டுச் சுவரில் விழும் விரிசல், ஊருக்குள் ஓடும் டிப்பர் லாரி ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. அவை அனைத்தும் நியாயமான கேள்விகள். எழுப்புகிறவர்கள் இன்னும் உரக்கவே எழுப்ப வேண்டும். ஆனால் கல் முழுவதும் எடுக்கப்பட்ட பிறகு அந்தப் பள்ளம் என்னவாகும் என்று மேடையில் இருப்பவர்களும் சொல்வதில்லை, எதிரே அமர்ந்திருப்பவர்களும் கேட்பதில்லை. சுற்றுச்சூழல் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், பசுமை வளையம், கம்பிவேலி, மழைநீர்த் தேக்கம் என்ற மூன்று சொற்களுக்குள் அந்த எதிர்காலம் முடிந்துவிடுகிறது. சுரங்கத்தை மூடும் முறையைப் பற்றியும், மூடும்போது பாறையின் வெட்டுமுகங்களில், அதாவது வெட்டியதால் அடுக்குகள் தெரியும் பக்கச் சுவர்களில், சிலவற்றையாவது மண்ணால் நிரப்பாமலும் நீரில் மூழ்கவிடாமலும் திறந்து வைக்க வேண்டியதன் தேவையைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வாயிலாகச் சில செய்திகளை முன்வைக்க விரும்புகிறேன்.

அரியலூரிலும் அதை ஒட்டிய பெரம்பலூர், திருச்சி மாவட்டப் பகுதிகளிலும் நாம் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல், கிரெட்டேசியஸ் என்று புவியியலார் குறிக்கும் காலத்துக் கடலின் அடித்தளம். கோண்டுவானா என்ற பழங்காலப் பெருநிலப்பரப்பிலிருந்து இந்தியா பிரிந்து விலகிய பின், காவிரிப் படுகைக்குள் கடல் ஏறி வந்து, பின்வாங்கி, மீண்டும் ஏறிய வரலாறு, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எல்லை வரை, இங்கே அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரியலூர்த் தொகுதிக்குள் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோயில், கல்லமேடு என்று நம் ஊர்களின் பெயரிலேயே படிவங்கள் எனப்படும் உட்பிரிவுகள் உண்டு. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் தேரோட்டத்துக்காக நாம் அறிந்திருக்கும் கல்லங்குறிச்சியை, உலகின் பல பல்கலைக்கழகங்களில் கல்லாகிப்போன ஒரு சிப்பிப் படுகைக்காக அறிந்திருக்கிறார்கள்.

இது இன்று நேற்று கிடைத்த பெயர் அன்று. 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட கற்சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் ஆராய்ந்து விவரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்நிலத்தைக் கால்நடையாகவும் வண்டியிலும் அளந்து 1862இல் வெளியிட்ட பகுப்பே, திருத்தங்களோடு இன்றும் அடிப்படையாக நிற்கிறது. அவருக்குப் பின் வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். அப்போது இங்கே சிமென்ட் ஆலை எதுவும் கிடையாது. ஓடைக் கரைகளிலும் உழுத வயல்களிலும் கிடைத்தவற்றைக் கொண்டே அவர்கள் வேலை செய்தார்கள். கல்லக்குடியில் ஆலை வந்தது 1939இல். அரசு நிறுவனமான டான்செம் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது 1979இல். அதன் பின் தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்து, இன்று அரியலூர் என்றாலே சிமென்ட் என்றாகிவிட்டது.

ஆலைகளை வேண்டாம் என்று சொல்வதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. சிமென்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கரில் ஒரு டன் செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். வீடு, பாலம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் சிமென்ட் வேண்டும். எங்கிருந்தாவது அந்தக் கல் வந்தாக வேண்டும். அதோடு, சுரங்கத்துக்குப் புவியியல் பட்டிருக்கும் கடனையும் மறைக்கக் கூடாது. பெரிய மலையோ ஆழமான பள்ளத்தாக்கோ இல்லாத இந்தச் சமவெளியில் பாறையின் குறுக்குவெட்டை முழுமையாகப் பார்க்க வேறு வழியில்லை. மேலே கறுப்பு மண், அதன் கீழ் சுக்கான் கல், அதற்கும் கீழே செம்பழுப்பு நிறத்தில் சிப்பிகள் நெருங்கிப் பதிந்த சுண்ணாம்புப் பாறை என்று மேலிருந்து கீழாக ஒரே பார்வையில் தெரிவது சுரங்கச் சுவரில் மட்டுமே.

கல்லங்குறிச்சிப் பாறையில் மிகுதியாக இருப்பது கிரைஃபியா என்ற சிப்பி. உள்ளங்கை அளவில், ஒரு பக்கம் கிண்ணம் போல் குழிந்து, ஓடு விரல் தடிமனுக்கு அடுக்கடுக்காகக் கனத்திருக்கும். உயிரோடிருந்தபோது சேற்றில் எப்படிக் கிடந்ததோ, சில இடங்களில் அதே நிலையில், இரண்டு ஓடுகளும் பிரியாமல் இன்றும் கிடக்கிறது. அதன் மேல் வேறு சிறு உயிர்கள் ஒட்டி வளர்ந்த வலைப்பின்னல் அடையாளமும், ஏதோ ஒன்று துளையிட்டுப் போன ஓட்டையும் வெறுங்கண்ணுக்கே தெரியும். மழைக்குப் பின் சுரங்கத்து மண்மேட்டில் நடந்தால் காலடியில் இவை உருளும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் எத்தனையோ டிப்பர் லோடு இதே சிப்பிகள் கிரஷருக்குள் போய்ப் பொடியாகின்றன. அவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆலைக்கு அதுதான் வேண்டும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடிக்கணக்கில் கிடக்கும் சிப்பியில் ஒவ்வொன்றையும் காக்க வேண்டும் என்று எந்தப் புவியியலாளரும் கேட்கமாட்டார். எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு, எந்த உயிர் எங்கே தோன்றி எங்கே மறைந்தது என்ற வரிசை கண்ணுக்குத் தெரியும்படி, அடுக்கு கலையாத ஒரு சுவர் நிற்க வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை.

அந்தச் சுவர்கள் இப்போது சுரங்கங்களுக்குள்தான் இருக்கின்றன என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கல்லங்குறிச்சிப் படிவத்தை ஆராய்ந்து உட்பிரிவுகளாக வகுத்தவர்கள், அவற்றில் ஒன்றுக்கு டான்செம் சுரங்கத்தின் பெயரையும், வேறு சிலவற்றுக்குக் காட்டுப்பிரிங்கியம், சீனிவாசபுரம் என்ற இடப்பெயர்களையும் வைத்தார்கள். அப்படிப் பெயரிட்டால், அந்த அடுக்கின் இலக்கணத்தைச் சரிபார்க்க விரும்பும் எவரும் அந்த இடத்துக்கே வந்து பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த வெட்டுமுகம் அடுத்த குத்தகைக் காலத்தில் வெட்டப்பட்டுவிட்டாலோ, பள்ளம் மூடப்பட்டாலோ, நிரம்பிய தண்ணீருக்குள் போய்விட்டாலோ, ஏட்டில் இருக்கும் விவரத்தைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் ஆராய்ந்து, 1980களின் பிற்பகுதியில் ப்ருஹத்கயோசாரஸ் என்ற பெயரில் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி டைனோசர் என்று கருதப்பட்ட அது, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று பின்னர் பலர் கருதினர். உலகில் இதுவரை அறியப்பட்ட நிலவாழ் விலங்குகளில் மிகப் பெரியது அதுவாகவே இருக்கலாம் என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. விவாதத்தை முடித்துவைக்க எலும்பைப் பார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. ஈரம் பட்டுப் பட்டு உளுத்திருந்த அவை, காப்பாற்றப்படும் முன்பே நொறுங்கிப் போயின. மிஞ்சியவை சில வரைபடங்களும், வெகு காலம் கழித்து 2022இல் வெளிவந்த சில பழைய நிழற்படங்களுமே. கல்லமேட்டு எலும்புகளை அழித்தது சுரங்கம் அன்று, மழை. உரிய நேரத்தில் உரியவர் கையில் பணமும், எலும்பைப் பொதிந்து எடுக்கச் சாந்தும் சாக்குத்துணியும் இல்லாததே காரணம். சுரங்கத்தில் இப்படி ஒன்று கிடைத்தால் மழைக்காலம் வரைகூட அது தாங்காது. பொக்லைன் ஓட்டுநர் அதைக் கண்டாலும் யாரிடம் சொல்வார்? சொன்னால் வேலை நின்றுவிடுமே என்ற அச்சம் மேற்பார்வையாளருக்கு இருக்குமா, இருக்காதா? கிடைத்ததை அறிவிக்க வேண்டும், அறிவித்தவருக்கும் சுரங்கத்துக்கும் அதனால் இழப்பு வராது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் விதி ஏதேனும் இருந்தால்தானே அவர் வாய் திறப்பார்?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம்; 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ் வருவது. 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி, ஒவ்வொரு சுரங்கமும் படிப்படியாக மூடிக்கொண்டே போவதற்கான திட்டம் ஒன்றையும், வேலை முடியும் தறுவாயில் இறுதி மூடல் திட்டம் ஒன்றையும் கொடுத்து இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதற்கு நிதி உத்தரவாதமும் கட்ட வேண்டும். 2021 நவம்பரில் செய்த திருத்தத்தின்படி, இயந்திரமயமான 'ஏ' வகைச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாயும், 'பி' வகைக்கு 3 லட்சம் ரூபாயும் அந்த உத்தரவாதத் தொகை. 100 ஹெக்டேர் வெட்டிய 'ஏ' வகைச் சுரங்கம் என்றால் 5 கோடி ரூபாய். பனைமரத்தை இறக்கினாலும் தலை தெரியாத அளவுக்கு வெட்டிய பள்ளத்தின் ஓரத்தைச் சரித்துச் சமன்செய்து, மேல்மண்ணைத் திரும்பப் போட்டு, மரம் வளர்த்து, வேலி போட்டு, சில ஆண்டுகள் காவலும் வைக்க இத்தொகை போதுமா என்பதை ஒப்பந்ததாரர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். இதற்கும் மேலாக, வெட்டி முடித்த நிலத்தில் கால்நடைத் தீவனத்துக்கு உகந்த வகையில் புல் வளர்த்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சுரங்கக் குத்தகைகளில் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் நிறைந்த இம்மாவட்டத்தில், மேய்க்கால் புறம்போக்கும் தரிசும் சுரங்கமாகிப்போன ஊர்களில், அந்த உத்தரவு கிராமசபைகளில் ஒரு முறையாவது படித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

குறைபாடு விதியில் மட்டும் இல்லை, அதைப் படிக்க முடியாத நிலையில்தான் அதிகம் இருக்கிறது. மூடல் திட்டம் ஆங்கிலத்தில், தொழில்நுட்ப மொழியில், அலுவலகத்துக்கும் ஆலைக்கும் இடையிலான கோப்பாகவே இருக்கிறது. எங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக வெட்டுவது நின்றுபோன ஒரு சுரங்கத்தின் மூடல் திட்டத்தைப் பார்க்க விரும்பியபோது, ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்ட, அது ஆலையைக் கைகாட்ட, ஆலையின் வாயிலில் இருந்தவர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டதோடு முடிந்தது. வேலி சரிந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தில் இப்போது கோடையிலும் வற்றாத தண்ணீர் நிற்கிறது. பக்கத்து விவசாயிகள் சிலர் மோட்டார் வைத்துப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பாய்ச்சுகிறார்கள். பிள்ளைகள் குளிக்கப் போகிறார்கள். ஏரிக்கரை போல் சரிவு இல்லாமல் கரை செங்குத்தாக இறங்குவதால், கால் தவறினால் பிடித்து ஏற ஒரு படிகூடக் கிடையாது.

இந்தத் தண்ணீர் இருக்கிறதே, அதுதான் என் கோரிக்கைக்கு மிகப் பெரிய இடையூறு. அதை நேர்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மழையை நம்பியும் போர்வெல்லை நம்பியும் விவசாயம் செய்கிற ஊரில், பாறைச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைத் தேக்காதே என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சுரங்கத்தை நீர்த்தேக்கமாக்குவோம் என்று அறிக்கையில் எழுதும்போது கூட்டத்தில் கைதட்டு விழுவதும் அதனால்தான். ஆனால் இரண்டில் ஒன்று என்ற நிலை இங்கே இல்லை. நம் பகுதியில் படிவ அடுக்குகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. ஆகவே பள்ளத்தின் மேற்குப் பக்கச் சுவரில் அடியடுக்குகளும் சற்று உயரத்திலேயே வெளிப்படும். அந்தப் பக்கத்தில் படிக்கட்டு போல் வெட்டிய பெஞ்சுகளில் மேலிருக்கும் இரண்டு மூன்றை, ஐம்பது அறுபது மீட்டர் நீளத்துக்கு, சரித்து மூடாமல் விட்டு, நீர்மட்டம் அதற்கு மேல் ஏறாதபடி ஒரு வடிகாலும் அமைத்துவிட்டால், பள்ளத்தின் மிகப் பெரும் பகுதி தண்ணீருக்கே கிடைக்கும். மனிதர் இறங்கி ஏறப் படியும் கைப்பிடியும் அந்தப் பக்கத்திலேயே அமைத்தால், தவறி விழுந்தவர் கரையேறவும் அது உதவும். இதை மூடல் திட்டத்தை எழுதும்போதே எழுதினால் செலவு மிகக் குறைவு, ஏனெனில் வெட்டுகிற இயந்திரம் அங்கேயே நிற்கிறது. எல்லாம் முடிந்த பின் செய்யப் புறப்பட்டால் நீரை இறைத்து, மண்ணை அள்ளி, பாறையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இது நடக்கக்கூடியதுதானா என்று ஐயப்படுவோர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரைப் பார்க்கலாம். அரியலூர்த் தொகுதியின் மேலடுக்குகள் படிந்த காலத்தை உலகெங்கும் புவியியலார் மாஸ்ட்ரிக்டியன் என்றே குறிக்கிறார்கள். 1849இல் அந்தப் பெயரைத் தந்தவர் பெல்ஜியத்தின் ஆந்த்ரே துமோன். அந்நகரை ஒட்டிய சின்ட் பீட்டர்ஸ்பர்க் குன்றின் சுண்ணாம்புப் பாறையில்தான் 18ஆம் நூற்றாண்டில் மொசாசாரஸ் என்ற மாபெரும் கடல் ஊர்வனத்தின் தாடை கிடைத்தது. பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தபோது அதைப் பாரிசுக்குத் தூக்கிச் சென்றது என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம். அதே குன்றில் 1920களிலிருந்து ஒரு சிமென்ட் ஆலை சுண்ணாம்புக்கல் வெட்டி வந்தது. 2018இல் வெட்டுவதை நிறுத்தியபோது, பள்ளத்தை எப்படி ஒப்படைப்பது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்டிருந்தது. இன்று அங்கே பள்ளத்துக்குள் இறங்கப் படிக்கட்டு இருக்கிறது, விளிம்பில் பார்வை மேடை இருக்கிறது, அடியில் தண்ணீரும் நிற்கிறது, வெட்டுமுகமும் தெரிகிறது. நம்முடைய கல்லும் அவர்களுடைய கல்லும் வயதில் உடன்பிறப்புகள். வெட்டியதும் ஒரே பொருளுக்காகத்தான். ஜெர்மனியின் மெசல் குழி இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. எண்ணெய்க் களிப்பாறைக்காக வெட்டி 1971இல் கைவிடப்பட்ட அந்தப் பள்ளத்தை ஊர்க் குப்பை கொட்டும் இடமாக்கத் திட்டமிட்டிருந்தார்கள். எதிர்ப்புக்குப் பின் 1991இல் ஹெஸ்ஸ மாநில அரசே அதை விலைக்கு வாங்கியது. 1995இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயிற்று.

நம்மிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது தவறாகும். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்தில், வேலியும் காவலும் பெற்று நிற்கிறது. காரை முதல் கொளக்காநத்தம் வரையிலான களிமண் ஓடைநிலம் தேசியப் புவியியல் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே அழிந்துபோன கடலுயிர்களான, சுருள் ஓடுடைய அம்மோனைட்டும், துப்பாக்கித் தோட்டா வடிவிலான பெலம்னைட்டும், ஜிப்சம் தகடுகளும் வெயிலில் மின்னுவதைக் காணலாம். அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசு ஒரு புதைபடிவ அருங்காட்சியகத்தை அமைத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது நல்ல வழக்கம். இருந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பி எந்த ஊரின் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை ஒரு சீட்டு மட்டுமே சொல்லும்; சுவரில் இருக்கும் சிப்பிக்குச் சீட்டு வேண்டியதில்லை. காரை ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. சாத்தனூர் திருச்சிராப்பள்ளித் தொகுதியைச் சேர்ந்தது. ஆலைகள் பெரிதும் நம்பியிருக்கும் கல்லங்குறிச்சிப் பாறைக்கு அப்படிப் பாதுகாக்கப்பட்ட களம் ஒன்றுகூட இல்லை. விலை உள்ள பாறைக்குக் காவல் இல்லை, விலை இல்லாத பாறைக்குக் காவல் உண்டு என்ற இந்த நிலை தற்செயலானதாகத் தெரியவில்லை.

சட்டத்திலும் இடைவெளி இருக்கிறது. நம் தொல்லியல் சட்டங்கள் முதன்மையாக மனிதர் படைத்தவற்றுக்கானவை. பாறையும் புதைபடிவமும் அவற்றின் நடுவில் பொருந்தி வருவதில்லை. இதை நிரப்பும் நோக்கில் புவிப் பாரம்பரியக் களங்கள் மற்றும் எச்சங்கள் பாதுகாப்பு மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் வெளியிட்டது. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையிடம் குவிக்கிறது என்ற குறை அதன் மீது எழுந்தது. அக்குறையில் நியாயமும் இருக்கிறது. மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் உள்ளூர் மக்களும் இடம்பெறும் குழு ஒன்று வேண்டும் என்று திருத்தி நிறைவேற்றியிருக்கலாம். வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. அதுவரை காத்திராமல், சுரங்கக் குத்தகை நிபந்தனைகளின் வழியாகவும் மூடல் திட்டத்தின் வழியாகவும் மாநில அரசு செய்யக்கூடியது நிறையவே உண்டு.

மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று அதிகாரிகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் எடுத்த இடத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவிக் கூட்டம் கூடியது. வல்லுநர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்று விளக்கினார்கள். விளக்கம் வந்ததும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அகன்றுவிட்டன. முட்டை இல்லையென்றால் செய்தியும் இல்லை போலும். வதந்திக்குக் கூடிய அந்தக் கூட்டத்துக்கு உண்மையைக் காட்ட அருகில் திறந்த வெட்டுமுகம் ஒன்றும், அதை விளக்கத் தமிழில் ஒரு பலகையும் இருந்திருந்தால் அன்றைய நாள் வீணாகியிருக்காது.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. 2014இல் நிர்ணயித்த விகிதப்படி, சிமென்ட் தரச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் உரிமைத்தொகை. 2015 ஜனவரி 12க்கு முன் வழங்கப்பட்ட குத்தகை என்றால் அதோடு கூடுதலாக அதன் 30 சதவீதம், அதாவது டன்னுக்கு 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வர வேண்டும். மாநிலங்கள் கனிம நிலத்துக்கு வரி விதிக்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பின், தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதித்திருக்கிறது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் வெட்டும் ஒரே ஒரு சுரங்கத்திலிருந்து அறக்கட்டளைக்கு 2 கோடியே 40 லட்சம் ரூபாயும், நில வரியாக 16 கோடி ரூபாயும் சேரும் கணக்கு இது. அறக்கட்டளைப் பணத்தைக் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு முதலில் செலவிட வேண்டும் என்பது விதி. அதை மாற்றச் சொல்லவில்லை. ஒரு வெட்டுமுகத்துக்கு வேலி, வடிகால், படி, பலகை, உள்ளூரைச் சேர்ந்த ஒரு காவலர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, அந்த வரியில் சில நாள் வசூலைத் தாண்டாது. அது கல்வி என்ற தலைப்பிலோ சுற்றுச்சூழல் என்ற தலைப்பிலோ தாராளமாக அடங்கும்.

ஏன் இப்போது இதை எழுத வேண்டும் என்றால், ஒரு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஆலைகள் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் பழைய குத்தகைகள் 2030 மார்ச் 31 வரையோ, வழங்கிய நாளிலிருந்து 50 ஆண்டு முடியும் வரையோ, புதுப்பித்த காலம் முடியும் வரையோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை செல்லும். அதன்படி 1980க்கு முன் வழங்கப்பட்டவற்றில் பலவற்றுக்கு 2030 மார்ச்சோடு காலம் முடியும். கல் மிச்சமிருக்கும் சுரங்கங்கள் ஏலத்துக்குப் போகும். கல் தீர்ந்தவை மூடப்படும். ஏலத்துக்குப் போகிறவற்றில் எந்தச் சுவரைத் தொடக்கூடாது என்பதை ஏல அறிவிப்பிலேயே எழுத வேண்டும், ஏனெனில் ஏலம் எடுத்தவரிடம் பிறகு போய்க் கேட்பது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது. மூடப்படுகிறவற்றுக்கான இறுதித் திட்டங்களை எழுதும் வேலை இன்னும் சில காலத்தில் தொடங்கிவிடும்.

ஆகவே மாநிலப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையையும் இப்பகுதியில் ஆய்வு செய்துவரும் பல்கலைக்கழகத் துறைகளையும் உடன் அழைத்துக்கொண்டு, மூன்று மாவட்டங்களிலும் உள்ள சுண்ணாம்புச் சுரங்கங்களைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு வெட்டுமுகம் என்ற அளவிலாவது பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட குத்தகைகளும் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் வெட்டத் திட்டமிட்ட சுரங்கங்களும் டிரோன் மூலம் எடுத்த படங்களை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்று 2021 திருத்தம் சொல்வதால், எந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்ற முதல் விவரம் அரசின் கையிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலையும், ஒவ்வொரு சுரங்கத்தின் மூடல் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தையும் அந்தந்த ஊர்க் கிராமசபையில் வைத்து, எந்தப் பக்கம் தண்ணீர், எந்தப் பக்கம் புல், எந்தப் பக்கம் சுவர் என்பதை ஊரார் முன்னிலையில் முடிவு செய்யட்டும். பள்ளங்களில் நீர் மிகக் குறைந்திருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களே நேரில் பார்க்க ஏற்றவை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கீழ்ப் பெஞ்சுகளை அடுத்த கோடை வரை பார்க்க இயலாது. வரும் கோடையிலேயே அப்பணியைத் தொடங்க ஆணையிடுமாறு அரசைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
அரியலூர் மாவட்டம்.